அந்த மடிக்கணினி என்னுடையது

"சாருக்கு இன்னா ப்ராப்ளம், மேடம்?"

கேளம்பாக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டர். ஏசிக் காற்று நேராக என் பின்கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக் கண்ணாடிக் கவுன்டர் மேல் வைத்தது நான். மூடியைத் திறந்தது நான். இதற்கு மெமரியைக் கூட்ட வேண்டும், ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னதும் நான்தான். ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் கேள்வி என்னைத் தாண்டி, என் இடதுபக்கம் நின்ற என் மனைவி ஸ்டெல்லாவிடம் போனது.

ப்ராப்ளம் கணினிக்கா, எனக்கா என்பதும் அந்தக் கேள்வியிலிருந்து விளங்கவில்லை.

அவரிடமே கேளுங்கள் என்றாள் ஸ்டெல்லா. அவர் கேட்கவில்லை. விசைப்பலகையில் இரண்டு மூன்று தட்டு தட்டினார். கணினி அவர் அழுத்திய எழுத்துகளை உரக்கப் படித்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்திருப்பார் போலிருக்கிறது, மோதிரமோ கடிகாரமோ கண்ணாடியில் பட்டு ஒலித்தது.

"இது இன்னா மேடம், பேசுது?"

இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக நான் கோபப்பட்டு எதையும் எழுதியதில்லை. இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் மடிக்கணினியில் திரை வாசிப்பான் என்ற மென்பொருள் இருக்கிறது. திரையில் வருவதையெல்லாம் அது எனக்குப் படித்துக் காட்டும். உங்களுக்குத் திரை எப்படியோ, எனக்கு அந்தக் குரல் அப்படி. குரல் நின்றால் கணினி எனக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு, அவ்வளவுதான்.

டீ ஆறிய பிறகு வரும் எழுத்து

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய மடிக்கணினி அது. மூடியின் வலது மூலையில் ஒரு வெடிப்பு. 'அ' விசையின் மேல்பகுதி தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இடது உள்ளங்கை படும் இடம் எப்போதும் இளஞ்சூடு. மழைக்காலத்தில் அந்தச் சூட்டுக்காகவே கையை அங்கே வைத்திருப்பேன்.

கடந்த ஓரிரண்டு ஆண்டுகளாக அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு விசையை அழுத்திவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் அந்த எழுத்தைச் சொல்லும். உள்ளே மின்விசிறி மாவு மில் போலச் சுற்றும். இரண்டு கோப்புகளை ஒன்றாகத் திறந்தால் குரல் திக்கும். "சேர... சேர... சேர..." என்று நின்று, சோழருக்கு வராமலே அணைந்துவிடும்.

கோளாறு இன்னதென்று எனக்குத் தெரியும். அந்த மாடலுக்கான கையேட்டை இணையத்திலிருந்து இறக்கி, அதே கணினியை வைத்தே முழுக்கப் படிக்கவைத்துக் கேட்டிருந்தேன். மெமரியில் ஒரு பங்கு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதுபோக இன்னொன்று செருகுவதற்கு ஒரு காலி இடமும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்தே அந்த இடம் காலி. அதில் ஒரு சிறு அட்டையைச் செருகினால் மூச்சிரைப்பு தீரும். ஓ.எஸ்.ஸையும் மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

இதைக் கவுன்டரில் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "சார் எதோ சொல்றாரு மேடம். இதுல மெமரி போர்டுலயே ஒட்டிக் கீது. போட முடியாது. புச்சா ஒண்ணு பாருங்களேன்."

பார்ப்பதில் என்ன சிக்கல் என்பதை நான் சொல்லவில்லை. ஸ்டெல்லா என் முழங்கையைத் தொட்டாள். போய்விடலாமா என்று அதற்கு அர்த்தம். போயிருக்க வேண்டும். திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம், மூன்று நாள் ஆகும் என்று உள்ளேயிருந்து இன்னொருவர் குரல் கொடுத்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

தொண்ணூற்றொன்று பத்தொன்பதானது

ஏன் அத்தனை அவசரம் என்று கேட்பீர்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. மதிப்பெண்களைப் பதிவேற்றும் இணையதளம் புதிதாக மாறியிருந்தது. என் பழைய ஓ.எஸ்.ஸில் அந்தத் தளம் திறக்கவே மறுத்தது. அடுத்த வாரத்துக்குள் மதிப்பெண் ஏற்றியாக வேண்டும். தலைமையாசிரியர் நல்லவர், தங்கமானவர். அவர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் சார் சிரமப்படுகிறீர்கள், ஆபீசில் யாராவது ஏற்றிவிடுவார்கள், நீங்கள் உட்காருங்கள் என்றார்.

'நீங்கள் உட்காருங்கள்.' என் வாழ்க்கையில் எனக்கு அதிகம் கிடைத்த அன்பு அதுதான். பேருந்தில், கல்யாணத்தில், பள்ளி விளையாட்டு விழாவில், எங்கள் வீட்டு விசேஷத்திலேயேகூட. மற்றவர்கள் எல்லாம் செய்வார்கள், நான் உட்கார வேண்டும்.

ஒருமுறை அப்படி உட்கார்ந்தும் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவதோ நான்காவதோ ஆண்டு. விடைத்தாளை ஸ்டெல்லா வாசிப்பாள், மதிப்பெண் நான் போடுவேன். அந்த முறை பட்டியலில் ஏற்றும் வேலையை மட்டும் சக ஆசிரியர் ஒருவர் எனக்காகச் செய்தார். தொண்ணூற்றொன்று வாங்கிய ஒரு மாணவிக்குப் பத்தொன்பது என்று ஏறிவிட்டது. அவள் அப்பா மீன் லோடு ஏற்றும் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று, வரலாற்று சாருக்கு என் பெண் மேல் என்ன கோபம் என்று கேட்டார். அவர் சட்டையிலிருந்து ஐஸ் உருகிய மீன் வாடை வந்தது. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். சக ஆசிரியர் அவசரத்தில் கை தவறிவிட்டது என்றார். பட்டியலின் கீழே இருந்தது என் பெயர்.

அன்றிலிருந்து என் வகுப்பு மதிப்பெண்ணை என் விரல்தான் ஏற்றும். அதை ஏற்றியது அந்த மடிக்கணினி. இப்போது புரிகிறதல்லவா?

சத்தமில்லாமல் வந்தது

மூன்று நாள் கழித்து நானும் ஸ்டெல்லாவும் மறுபடி கேளம்பாக்கம் போனோம். கவுன்டரில் அதே ஆள். ரெடியாகிவிட்டது, புது ஓ.எஸ். போட்டாகிவிட்டது, மெமரிதான் போட முடியாது என்றார்.

பவர் பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி சுற்றியது. காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு சத்தமும் இல்லை.

"வேலை செய்யலையே."

"செய்யுது சார். ஸ்க்ரீன்ல எல்லாம் வருது, மேடமைப் பாக்கச் சொல்லுங்க."

முதன்முறையாக அவர் என்னிடம் நேராகப் பேசினார். பேசிய வாக்கியம் இது.

புதிதாகப் போட்ட ஓ.எஸ்.ஸில் என் திரை வாசிப்பான் இல்லை. ஒலிக்கான மென்பொருளே ஏறவில்லை. அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. என் கோப்புகள் எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போட்டோம் என்றார். யாரைக் கேட்டு என்றேன். மேடத்துக்குப் போன் செய்தோமே என்றார்.

செய்திருக்கிறார்கள். ஸ்டெல்லா ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். அன்று தடுப்பூசி போடும் நாள், சுற்றிலும் குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. பழைய டேட்டா வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அது சாருடையது, சாரைக் கேளுங்கள் என்று என் எண்ணைச் சொல்லி இவள் வைத்துவிட்டாள். எனக்கு யாரும் போன் செய்யவில்லை.

"அவர் நம்பர் குடுத்தேனே" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரல் நடுங்கியது. எனக்குத் தெரிந்து இவள் குரல் நடுங்கியது இரண்டே முறை. மற்றது அவள் அப்பா இறந்தபோது.

நான் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திருப்போரூர் தாண்டும்வரை பேருந்தில் அந்த ஏதாவதுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள். ஒன்றும் அந்தக் கவுன்டரில் எனக்கு வரவில்லை.

குமரேசனின் இருமல்

பாடக் குறிப்புகள் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். பாதி பென் டிரைவிலும் இருந்தது. திரும்ப எழுத முடியாத ஒன்றும் அந்தக் கணினியில் இருந்தது.

நான் கல்லூரியில் படித்தபோது புத்தகங்களை எனக்கு நண்பர்கள் வாசித்துக் காட்டுவார்கள். கேசட்டில் பதிவு செய்துகொள்வேன். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள். பிற்பாடு ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிவைத்தேன். மாற்ற மாற்ற கேசட்டுகளைத் தூக்கிப்போட்டேன், பூஞ்சை பிடித்திருந்ததால்.

அதிகம் வாசித்தவன் என் விடுதி அறைத்தோழன் குமரேசன். பக்கத்துக்கு ஒருமுறை இருமுவான். "இந்தப் பத்தி ரொம்ப போர், வுட்டுர்றேன்" என்று அவனே முடிவெடுத்து அடுத்ததற்குத் தாவுவான். நிலவரி பற்றிய ஒரு முழு அத்தியாயத்தை அவன் அப்படித் தாவியதால் ஒரு பருவத் தேர்வில் நான் தேறவில்லை. அன்றைக்குச் சண்டை போட்டேன். பிறகு அந்த ஒலிநாடாக்களைப் பாடத்துக்காக இல்லாமல் அவனுக்காகவே கேட்பேன். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டில் ஒரு விபத்தில் அவன் போய்விட்டான். அவன் பேசி நான் கேட்டது அந்தக் கணினியில்தான் மிச்சம் இருந்தது.

போட்டோ வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கடைக்காரர் உங்கள் ஆல்பத்தைக் கேட்காமல் குப்பையில் போட்டுவிட்டு, புது ஆல்பம் போட்டிருக்கிறோம் என்று கொடுத்தால் எப்படி இருக்கும்?

எனக்காக எழுதியவன்

கோபம் ஒரு நாளில் வருவதில்லை. எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது.

கருங்குழிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போனவர்கள். என்னைப் பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தது ஊர்ச் சபைப் பாதிரியார். பொதுத் தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு மாணவனைக் கொடுத்தார்கள். சமூக அறிவியல் தேர்வில் நான் ஒரு பக்கத்துக்குப் பதில் சொன்னேன். பேனா அத்தனை நேரம் நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. எழுதிவிட்டாயா என்றேன். சுருக்கமாக எழுதிவிட்டேன் அண்ணா, இதுவே போதும் என்றான். நான் சொன்னது அவனுக்கு அதிகமாகப் பட்டிருக்கிறது.

அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. என் பதில் எத்தனை வரி இருக்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவுசெய்யலாம் என்று அவனுக்கு யாரோ சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேளம்பாக்கம் கவுன்டருக்கும் அவர்களேதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பதினோரு ஸ்க்ரூ

ஜரீனாவின் எண் எனக்குக் கிடைத்தது எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியரிடமிருந்து. செங்கல்பட்டு மார்க்கெட் தெருவில் வீட்டு முன்னறையிலேயே லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நாற்பது வயதிருக்கும். நானே போன் செய்தேன். எனக்குப் பார்வை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்றுதான்.

"சரி சார். லேப்டாப்பைத் திருப்பி வெச்சுக்கங்க. அடியில ஸ்க்ரூ எத்தினி கீது, தடவிப் பாத்துச் சொல்லுங்க."

தடவினேன். பதினொன்று.

"நடுவுல தனியா சின்ன மூடி எதுனா கீதா?"

இல்லை என்றேன். அப்படியானால் முழு அடிப்பக்கத்தையும் கழற்ற வேண்டும், காலி ஸ்லாட் உள்ளே இருக்கும், மாடல் பெயரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நீங்கள் சொன்னது சரிதான் சார், அதில் ஒன்று போடலாம் என்றார். கோப்புகளை அழித்துவிட்டார்கள் என்று சொன்னதும், "ஆன் பண்ணாதீங்க. அப்டியே எடுத்துகினு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்துத் தனியாகவே போனேன். ஸ்டெல்லா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்குப் புரிந்தது.

முன்னறையில் பற்றவைக்கும் ஈய வாசனையும், உள்ளிருந்து வெங்காயம் வதங்கும் வாசனையும். ஜரீனா என்னை மேசையருகே உட்காரவைத்து, பைக்குள் இருந்த கேளம்பாக்கம் வேலைச் சீட்டை எடுத்தார். என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். என்ன என்றேன்.

"இத்தைப் படிக்கணுமா சார்?"

படியுங்கள் என்றேன்.

வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் ஸ்டெல்லா என்று இருந்தது. குறிப்பு என்ற இடத்தில், கணவர் பார்வையற்றவர், கணினி பயன்படுத்தத் தெரியாது, பொழுதுபோக்குக்கு மட்டும்.

இதில் கத்துவதற்கு எதிரில் ஆளும் இல்லை. ஜரீனா ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் எவர்சில்வர் கிண்ணத்தில் விழும் சத்தத்தை எண்ணினேன். பதினொன்று.

மெமரியை நானே போடுகிறேன் என்றேன்.

தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இவருமா என்று நினைத்து, என் கையை நம்பவில்லையா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"உங்க கை மேல பயம் இல்ல சார். அந்த க்ளிப்பு மேலதான் பயம். பழசு. ஒடைஞ்சா பேஜாரு. எங்கிட்டயே ரெண்டு ஒடைஞ்சிருக்கு" என்றார்.

வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னார், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு. பிறகு என் வலதுகைச் சுட்டுவிரலைப் பிடித்துக் காட்டாமல், எங்கே என்பதை வாயால் மட்டும் சொன்னார். பேட்டரிக்கு மேலே, விசிறிக்கு இடதுபக்கம். விரலுக்கு நீளமான ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் மெல்லிய உலோகக் காதுகள். இத்தனை ஆண்டுகள் என் உள்ளங்கைக்குக் கீழேயே இருந்த காலி இடம்.

மெமரி அட்டை சீப்பு அளவுக்கு இருந்தது. ஓர் ஓரத்தில் வரிவரியாகப் பற்கள், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வெட்டு. அந்த வெட்டு பொருந்தும் பக்கம்தான் உள்ளே போகும். சாய்த்துச் செருகி, மெல்லக் கீழே அழுத்தினேன். ஒரு பக்கம் க்ளிக் என்றது.

மூடாமலே ஆன் செய்தோம். கணினி கூவியது. நீளமாக ஒரு பீப், நிறுத்தி இன்னொன்று. திரையில் எதுவும் வரவில்லை என்றார் ஜரீனா. அந்த நேரத்தில் அந்த அறையில் இரண்டு பேருமே அந்தக் கணினியைக் காதால் மட்டும்தான் கேட்க முடிந்தது. மெமரி சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம்தான் க்ளிக் கேட்டது என்றேன். ஆமாம் என்றார். அணைத்து, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, அட்டையைக் கழற்றினேன். அதன் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன், துகளை ஊதினேன். மறுபடி சாய்த்து, செருகி, அழுத்தினேன்.

இரண்டு க்ளிக்.

இந்த முறை கூவவில்லை.

தகுதியில்லை

கோப்புகள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் வட்டை, ஆன் செய்வதற்கு முன்பே ஜரீனா தனியே கழற்றி வைத்திருந்தார். அதில் இனி எதையும் எழுதக் கூடாது, எழுதினால் அழித்த கோப்புகளின் மேல் மண் போட்டதுபோல் ஆகிவிடும் என்றார். புதிதாக ஒரு வட்டைப் போட்டு, சந்தைக்கு வந்திருக்கும் கடைசி ஓ.எஸ்.ஸை ஏற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சலித்துக்கொண்டார்.

என்ன சொல்கிறது என்று கேட்டேன். இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று சொல்கிறது என்றார். மெமரி போதும், வட்டு போதும். ப்ராசஸர் பிறந்த ஆண்டு மட்டும் பட்டியலில் இல்லையாம்.

தகுதியில்லை. எனக்கு அந்த வார்த்தையோடு பழைய பழக்கம். ஆசிரியர் வேலைக்கு உடற்தகுதிச் சான்று வாங்க நான் நான்கு முறை நடந்தேன். மூன்றாவது முறை ஒரு மருத்துவர், கரும்பலகையில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். மாணவர்கள் எழுதுவார்கள், நான் பாடம் நடத்துவேன் என்றேன். அவர் எழுதிய தாளில் என்ன இருந்தது என்பதை வெளியே வந்து ஒரு கடைநிலை ஊழியரிடம் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒற்றை வார்த்தைதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, ஓடுகிறதா என்று பார்க்காமலே, எங்கேயோ உட்கார்ந்து ஒரு பட்டியலை வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்படுவது பொருளாக இருக்கும்வரை அது வியாபாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் பொருளோடு நிற்பதில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றேன். இருந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இன்னொரு ஓ.எஸ். அது பழைய கணினிகளைத் தள்ளுவதில்லை. பார்வையற்றவர் யாருக்கும் இதுவரை தான் போட்டதில்லை, பேசுமா என்று தெரியாது என்றார் ஜரீனா. எனக்குத் தெரிந்த ஒரு பார்வையற்ற நண்பரிடம் அங்கிருந்தே போனில் விசாரித்தேன். நிறுவத் தொடங்கும்போதே மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் பேசும் என்றார்.

அழுத்தினேன். ஸ்பீக்கரில் ஒரு சிறு கரகரப்பு. பிறகு தட்டையான, மூக்கால் பேசும் ஓர் ஆண் குரல், திரை வாசிப்பான் இயங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னது. அதைவிட அழகில்லாத குரலை நான் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜரீனா எழுந்து உள்ளே போய், கொஞ்சம் மெதுவாகவே டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

மொழி, நேரம், பெயர், கடவுச்சொல். அத்தனை கேள்விகளையும் அது என்னிடம் கேட்டது. அத்தனைக்கும் நானே பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து என் இரண்டு வகுப்பு மதிப்பெண்களையும் ஏற்றினேன். தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்றது அவர் செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன்.

பழைய வட்டிலிருந்து பாதிக்கு மேல் மீட்டுவிட்டார் ஜரீனா. ஆனால் எந்தக் கோப்புக்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள். அறுநூற்றுச் சொச்சம். எது பாடம், எது யார் குரல் என்று ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். வைத்துக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பில் ஓர் இருமல் கேட்டது.

பேனா

இத்தோடு விட்டிருக்கலாம் என்று ஸ்டெல்லா சொன்னாள். கோப்பு கிடைத்துவிட்டது, கணினி ஓடுகிறது, இன்னும் என்ன என்றாள். அந்தச் சீட்டு, என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் கேளம்பாக்கத்துக்குத் தனியாகப் போனேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கம்பை நீட்டி, அந்த ஏசிக் கதவைக் கண்டுபிடித்தேன். கவுன்டரில் அதே குரல். மேடம் வரவில்லையா என்றது.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். மடிக்கணினியைத் திறந்து, அவர்கள் போட முடியாது என்ற மெமரி இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் வாயாலேயே சொல்லவைத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. என் கோப்புகளை யாரைக் கேட்டு அழித்தீர்கள் என்று கேட்டேன். இந்த முறை வாக்கியங்கள் வந்தன. பேருந்தில் யோசித்து வைத்த அளவுக்கு நன்றாக இல்லை. வந்தன, அவ்வளவுதான்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். ஏதாவது இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். இந்தச் சீட்டில் இரண்டு இடம் தவறாக இருக்கிறது, திருத்தி வேறு சீட்டு கொடுங்கள். வாடிக்கையாளர் நான். குறிப்பில், வாடிக்கையாளரைக் கேட்காமல் தரவுகள் அழிக்கப்பட்டன என்று எழுதுங்கள்.

குறிப்பு விஷயத்தில் இழுத்தார். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், நிற்கிறேன் என்றேன். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை. மேனேஜர் உள்ளே நெடுநேரம் போனில் பேசினார். பிறகு பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு பெண்மணியிடம் வாசிக்கச் சொன்னேன். நான் சொன்னபடியே இருந்தது.

வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டும் என்றார் கவுன்டர்காரர். சொல்லிக்கொண்டே எதையோ திறந்து என் பக்கம் நகர்த்தினார். மூக்கில் மை வாடை ஏறியது. விரல் ரேகைக்கான மைப்பெட்டி.

"பேனா குடுங்க."

மேனேஜரின் சட்டைப் பையிலிருந்து பேனா கழன்ற சத்தம். கோடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். தாளின் ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி என்றார் கவுன்டர்காரர். நாலு விரல் அளந்து வைத்துக்கொண்டு போட்டேன்.

"கோட்டுக்கு மேல ஏறிப்போச்சு சார்" என்றார்.

"பேரு படிக்க முடியுதா?"

"முடியுது சார்."

"படிங்க."

"க. தேவசகாயம்" என்று என்னிடம் படித்தார்.